சேர்ந்து பேசுங்கள், தனித்தனியாக பில் வாங்குங்கள்: சிறிய விலங்கு மருத்துவமனைகளுக்கான கூட்டுக் கொள்முதல் வழிகாட்டி

அல்சூர் ஏரியிலிருந்து நான்கு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கிளினிக் வைத்திருக்கும் மூன்று பேர், ஒரு ஞாயிறு மதியம் காக்ஸ் டவுனில் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த மாதத்து பில்களை விரித்தோம். நாய்களுக்கான அதே கூட்டுத் தடுப்பூசி, அதே நிறுவனம், கொண்டுவந்து தருபவரும் அதே ஸ்டாக்கிஸ்ட், அதாவது மருந்து மொத்த விநியோகஸ்தர். மூன்று பில்லிலும் மூன்று விலை. அதிக விலை எனக்குத்தான். பதினோரு வருடமாக அவரிடமே வாங்குகிறேன். விலையைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நாய்க்குட்டி வளர்ப்பவர்களிடம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அன்றுதான் அது உறைத்தது.

அந்த மேசையில் தொடங்கிய வேலை இன்று ஏழு கிளினிக்குகளின் கூட்டுக் கொள்முதலாக நடக்கிறது. தனியாகவோ, இருவர் மூவராகவோ கிளினிக் நடத்தும் விலங்கு மருத்துவர்கள் இதே வேலையைத் தொடங்குவதானால் எதிலிருந்து எதற்குப் போக வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். பெங்களூரு நிலவரத்தை வைத்து எழுதுகிறேன். ஓசூரிலோ கோவையிலோ இருப்பவர்கள் ஊரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

இது புதிய சங்கதி இல்லை

அமெரிக்காவில் மனிதர்களுக்கான மருத்துவமனைகள் 1910 வாக்கிலேயே நியூயார்க்கில் ஒன்றுகூடிச் சாமான் வாங்கத் தொடங்கின. விலங்கு மருத்துவத்துக்கு அது பரவியதில் சங்கிலி மருத்துவமனைகளின் பங்கு பெரிது. சாக்லேட் விற்கிற மார்ஸ் நிறுவனம் ஏற்கெனவே பான்ஃபீல்ட் கிளினிக்குகளை வைத்திருந்தது, 2017இல் வி.சி.ஏ. மருத்துவமனைகளையும் ஏறத்தாழ 910 கோடி டாலருக்கு வாங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளினிக்குகளுக்கு ஒரே கையால் மருந்து வாங்குபவருக்குக் கிடைக்கும் விலை, தெருமுனையில் தனியாகக் கிளினிக் நடத்துபவருக்குக் கிடைக்காது. அந்த இடைவெளியைக் குறைக்கத் தனி மருத்துவர்கள் கூட்டுக் கொள்முதல் அமைப்புகளில் சேர்கிறார்கள். தி வெட்டர்னரி கோஆப்பரேட்டிவ் என்பது உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் அத்தகைய ஓர் அமைப்பு.

அங்கே அது இயங்கும் விதத்தைக் கவனியுங்கள். கூட்டமைப்பு பொதுவாகச் சரக்கை வாங்குவதும் இல்லை, கிடங்கில் அடுக்குவதும் இல்லை. தயாரிப்பாளரோடு ஒப்பந்த விலை பேசி வைக்கும். உறுப்பினர் வழக்கமான விநியோகஸ்தரிடமே ஆர்டர் கொடுப்பார், தன் பெயரிலேயே பில் வாங்குவார். விலை மட்டும் ஒப்பந்தப்படி இருக்கும். வாங்கிய அளவைப் பொறுத்துப் பின்னால் தள்ளுபடித் தொகையும் வந்து சேரும். கூட்டமைப்பின் செலவுக்குப் பெரும்பாலும் தயாரிப்பாளர்கள் தரும் நிர்வாகக் கட்டணம். இதில் ஒரு கண் வைக்க வேண்டும். யாரிடம் கூலி வாங்குகிறோமோ அவர் பக்கம் சாயும் மனது எவருக்கும் உண்டு. மனித மருத்துவமனைகளுக்கான அமெரிக்க விதிமுறை, இந்தக் கட்டணம் 3 சதவீதத்துக்கு மேல் போனால் எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்வது அதனால்தான்.

நமக்கும் இது அந்நியமில்லை. 1904இல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம் நடுத்தரக் குடும்பங்களுக்கு மளிகையில் செய்தது இதைத்தான். நம் தெருமுனை நந்தினி பால் கடையை இதன் மறுபக்கம் என்று சொல்லலாம். அங்கே வாங்குபவர்களுக்குப் பதில், பாலை விற்கும் விவசாயிகள் கூட்டுறவாகக் கூடியிருக்கிறார்கள்.

வேலையில் இறங்கிய பிறகு நான் கற்றுக்கொண்ட ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏழு பேர் வந்து நிற்கிறோம் என்பதற்காக ஸ்டாக்கிஸ்ட் விலையைக் குறைப்பதில்லை. இன்ன பொருள், இத்தனை, இன்ன தேதியில் ஆர்டர், இன்ன தேதியில் பணம் என்ற நிச்சயத்துக்குத்தான் குறைக்கிறார். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அந்த நிச்சயத்தை உண்டாக்கும் வேலை.

முதல் வேலை: ஆறு மாத பில்களை எடுங்கள்

கணினியில் கணக்கு வைத்திருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கம்பியில் குத்தி வைத்த பில் கட்டை உருவ வேண்டியதுதான். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஒவ்வொரு பொருளுக்கும் மருந்தின் மூலப்பெயரும் அளவும், நிறுவனம், மாதத்துக்கு எத்தனை செலவாகிறது, இலவசச் சரக்கையும் வரியையும் சேர்த்த அடக்கவிலை, கைக்கு வந்த அன்று காலாவதிக்கு எத்தனை மாதம் இருந்தது ஆகியவற்றை எழுதுங்கள். கடைசித் தகவலை யாரும் எழுதி வைப்பதில்லை. பேரத்தில் அதிகம் கைகொடுப்பது அதுதான்.

வரியைச் சேர்த்து எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் கிளினிக் தரும் சிகிச்சைச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் விலக்குள்ள சேவைக்காக வாங்கும் பொருளின் வரியை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்ப எடுக்க முடியாது. பில்லில் இருக்கும் வரி முழுவதும் நம் கைக்காசு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய பில்லையும் பிந்தைய பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, விலையைக் குறைத்துவிட்டார் என்று ஸ்டாக்கிஸ்டுக்கு நன்றி சொல்லிவிடாதீர்கள். குறைந்தது வரியாக இருக்கலாம். நாய் உணவும் பூனை உணவும் விற்கும் கிளினிக்குகளுக்குக் கணக்கு வேறு. அந்த உணவுக்கு 18 சதவீதம் வரி, அந்த விற்பனைக்கு உரிய பங்கை வரவாக எடுக்க வழியும் உண்டு. ஆடிட்டரிடம் பிரித்துப் போடச் சொல்லுங்கள். நாமே குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது ஸ்கீம். நம் தொழிலில் எல்லோரும் விழும் குழி இது. 'பத்துக்கு ஒன்று இலவசம்' என்றால் பத்து சதவீதத் தள்ளுபடி என்று மனது கணக்குப் போட்டுவிடுகிறது. ஒரு பட்டை மாத்திரை 100 ரூபாய் என்று வையுங்கள். பத்துக்கு 1,000 ரூபாய், 5 சதவீத வரியோடு 1,050. கைக்கு வருவது பதினொன்று. ஒரு பட்டை 95 ரூபாய் 45 காசு. தள்ளுபடி 9 சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதே பொருளுக்கு இன்னொருவர் இலவசம் எதுவுமில்லாமல் 12 சதவீதம் குறைத்தால் வரியோடு 92 ரூபாய் 40 காசு. இரண்டாமவர்தான் மலிவு, அதோடு இரண்டு பட்டை மட்டும் வாங்கினாலும் அந்த விலை கிடைக்கும். இலவசத்துக்கு ஆசைப்பட்டுப் பதினொன்றை வாங்கி அதில் இரண்டு அலமாரியிலேயே காலாவதியானால், பயன்பட்ட ஒவ்வொரு பட்டையும் 116 ரூபாய் 67 காசுக்கு வந்து நிற்கும். ஸ்கீமே இல்லாமல் வாங்கியிருந்தால் 105.

என் அலமாரியை அன்று குடைந்தபோது காலாவதியான காது மருந்து ஒன்பது புட்டி கிடைத்தது. ஸ்கீமில் வந்தவை. கூட்டுக் கொள்முதலில் முதல் லாபம் ஸ்டாக்கிஸ்டிடம் இருந்து வரவில்லை, அந்த அலமாரியிலிருந்துதான் வந்தது.

பொதுப் பட்டியல்: சண்டை வரும் இடம்

எல்லோருடைய பட்டியலையும் ஒன்றாக வைத்தால், ஒரே வேலைக்கு ஏழு நிறுவனப் பெயர்கள் எழுதியிருப்பது தெரியும். ஏழு பேரும் ஏழு விதமாக வாங்கினால் கூட்டம் சேர்ந்தும் பயனில்லை. முப்பது பொருள்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் போட வேண்டும். பிராண்ட் என்று வந்துவிட்டால் மருத்துவர்கள் மாமியார் வீட்டுச் சமையலைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்கள். 'எனக்கு இதுதான் கை பழகியது' என்பதற்கு எதிர்வாதமே கிடையாது.

எங்களுக்கு முதல் தகராறு 24 கேஜ் கேனுலாவில் வந்தது. குட்டி நாய்க்கும் பூனைக்கும் நரம்பில் செருகி மருந்து ஏற்றும் மஞ்சள் நிறக் குழாய் ஊசி. மூவர் ஒரு நிறுவனம்தான் என்றார்கள், இருவர் அதைத் தொடவே மாட்டேன் என்றார்கள். சென்னை வேப்பேரி விலங்கு மருத்துவக் கல்லூரியில் எனக்கு நாலு வருடம் மூத்தவரான அண்ணன் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். கிளினிக் உதவியாளர்கள் மூன்று நிறுவனங்களின் உறைகளிலும் பெயரை மறைத்து பிளாஸ்டர் ஒட்டி, மேலே அ, ஆ, இ என்று எழுதினார்கள். இரண்டு வாரம் எல்லோரும் மூன்றையும் பயன்படுத்தி, முதல் குத்திலேயே ஏறியதா, முனை மடங்கியதா, மறுநாள் வீக்கம் இருந்ததா என்று சுவரில் ஒட்டிய தாளில் குறித்தோம். பிளாஸ்டரைப் பிரித்த அன்று, 'தொடவே மாட்டேன்' என்றவர்களில் ஒருவர் அதற்கே அதிக மதிப்பெண் போட்டிருந்தார். பிறகு கையுறை, சிரிஞ்சு, ஐ.வி. செட், காஸ் துணி எல்லாம் அதே வழியில் சுலபமாக முடிந்தன.

மருந்துகளில் அந்த வேகம் வேண்டாம். நுகர்பொருளுக்கு ஒரே நிறுவனம் என்று முடிவெடுக்கலாம். மருந்துக்குக் குறைந்தது இரண்டு நிறுவனங்களாவது பட்டியலில் இருக்கட்டும். பட்டியலுக்கு வெளியே எழுதும் உரிமை ஒவ்வொரு மருத்துவருக்கும் கேள்வியில்லாமல் இருக்கட்டும். உண்ணிக்குக் கொடுக்கும் ஐசாக்சசோலின் வகை மாத்திரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு அதிகம், விலையும் அதிகம், கூட்டாக வாங்கினால் நல்ல சலுகை கிடைக்கும் பொருள். ஆனால் வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு அதைக் கொடுக்க யோசிப்போம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் அதுபற்றி எச்சரித்தது. மாத இலக்கு நெருங்குகிறது என்ற நினைப்பு அந்த நாயின் மருந்துச் சீட்டில் எழுதும் பேனாவைத் தொடக் கூடாது. தொட்டால் கூட்டை அன்றே கலைத்துவிடுங்கள்.

பட்டியலைத் தூசி தட்டும்போது பழக்கத்தில் வந்துகொண்டிருக்கும் தடை செய்யப்பட்ட மருந்துகளையும் கண்டுபிடிக்கலாம். பிணந்தின்னிக் கழுகுகளின் அழிவுக்குக் காரணமான டைக்ளோஃபெனாக் கால்நடைகளுக்கு 2006இல் தடை செய்யப்பட்டது. கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் விலங்குப் பயன்பாட்டுக்கு 2023இல் தடையாயின. பழைய கையிருப்பு எங்காவது மூலையில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

யாரைச் சேர்ப்பது

சீட்டுக்கு ஆள் சேர்ப்பது போலத்தான். ஆளின் வசதியைவிட, தவணை தவறாத குணத்தைப் பாருங்கள். ஏழு பேரில் ஒருவர் இரண்டு மாதம் நிலுவை வைத்தால் ஸ்டாக்கிஸ்ட் அடுத்த மாதம் ஏழு பேருக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திறமையான அறுவை மருத்துவர், நல்ல நண்பர், ஆனால் காசோலை எழுதக் கை வராது என்றால், அவரோடு காபி சாப்பிடுங்கள். கூட்டில் சேர்க்க வேண்டாம். எங்களுக்கு இது தெரிய ஒரு வருடம் பிடித்தது.

ஐந்து முதல் எட்டு கிளினிக் வசதியான அளவு. மூன்று பேர் என்றால் அளவு போதாது. பதினைந்து பேர் என்றால் கூட்டத்தைக் கூட்டவே ஒரு ஆள் வேண்டும். தூரமும் முக்கியம். அல்சூர், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன், ஜீவனஹள்ளி என்று ஒரே வண்டி ஒரே சுற்றில் கொடுத்துவிட்டுப் போக முடிந்தால், ஸ்டாக்கிஸ்டுக்கு மிச்சமாகும் பெட்ரோலும் நேரமும் நம் பேரத்தில் சேரும். பெங்களூரு போக்குவரத்தில் அது சின்ன விஷயம் இல்லை. ஒயிட்ஃபீல்டில் இருப்பவர் ஒயிட்ஃபீல்டில் ஒரு கூட்டைத் தொடங்குவது நல்லது.

ஆரம்பத்தில் சங்கப் பதிவு, எல்.எல்.பி. என்னும் கூட்டு நிறுவனப் பதிவு என்று எதற்கும் ஓட வேண்டியதில்லை. இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். யார் பேச்சுவார்த்தைக்குப் போவது, யார் பட்டியலைப் பராமரிப்பது, சேர்வதும் விலகுவதும் எப்படி என்று மட்டும் எழுதுங்கள். பொதுப் பணம் என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்காதீர்கள். பணம் ஓரிடத்தில் சேர்ந்த நாளில் நட்பு கணக்காகிவிடும், கணக்குக்கு வரி வந்துவிடும். பட்டியல் பராமரிப்பவருக்கு நேரம் செலவாகிறதே என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

சட்டம் குறுக்கே நிற்கும் இடங்கள்

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை, ஒருவர் பெயரில் மொத்தமாக வாங்கிப் பிறகு பங்கு போட்டுக்கொள்ளலாம் என்பது. எங்களுக்கும் தோன்றியது. செய்யாதீர்கள். மருந்தை வாங்கி இன்னொரு கிளினிக்குக்கு விற்பது, 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தின்படி மொத்த விற்பனை. அதற்குப் படிவம் 20பி, 21பி என்ற உரிமம் வேண்டும், தகுதியுள்ள ஆள் வேண்டும், இடம் வேண்டும். உரிமம் இல்லாமல் நட்புக்காகச் செய்தாலும் குற்றம் குற்றம்தான். தொகுதி எண்ணில் புகார் வந்து ஒரு மருந்தைத் திரும்பப் பெற நேர்ந்தால், எந்தக் குப்பி எந்தக் கிளினிக்குக்குப் போனது என்று பில் காட்டவும் முடியாது. ஆகவே விலையைச் சேர்ந்து பேசுங்கள்; ஆர்டர் அவரவர் பெயரில், பில் அவரவர் பெயரில், பணம் அவரவர் கணக்கிலிருந்து. சிரிஞ்சு வாங்கினாலும் இதே பழக்கம்தான் நல்லது.

மயக்க மருந்தான கேட்டமினைக் கூட்டுப் பட்டியலில் வைக்கவே வேண்டாம். அது ஷெட்யூல் எக்ஸ் மருந்து. தனி உரிமம், தனிப் பதிவேடு, இரண்டு பிரதியாக எழுதும் மருந்துச் சீட்டு எல்லாம் உண்டு. அதில் மிச்சமாகும் சில ரூபாய்க்காக எவருடைய பதிவேட்டிலும் குழப்பம் வரக் கூடாது.

2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடி வாங்கும் விலையையோ விற்கும் விலையையோ நிர்ணயித்தால் அதைச் சட்டம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். நகரத்தின் நூற்றுக்கணக்கான கிளினிக்குகளில் ஏழு பேர், செயல்திறனுக்காக, விரும்பினால் விலகும் உரிமையோடு சேர்ந்து வாங்குவது ஒன்று. அதே மேசையில் 'தடுப்பூசிக்கு நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள், எல்லோரும் நூறு ரூபாய் ஏற்றுவோமா' என்று தொடங்குவது வேறொன்று. எங்கள் ஒப்பந்தத்தின் முதல் வரியே, சிகிச்சைக் கட்டணத்தைப் பற்றி இந்தக் கூட்டத்தில் பேசக் கூடாது என்பது. ஒருவர் பேச்சுவாக்கில் ஆரம்பித்தால், இன்னொருவர் எழுந்து காபி போடப் போய்விடுவார்.

ஸ்டாக்கிஸ்டிடம் பேசும் நாள்

இருவர் மட்டும் போங்கள். ஒருவர் பேச வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். கையில் ஒரே ஒரு தாள்: முப்பது பொருள், ஏழு கிளினிக்கின் மாதத் தேவை, மொத்தம். குறைந்தது இரண்டு ஸ்டாக்கிஸ்டுகளிடம் அதே தாளைக் கொடுங்கள்.

பதினோரு வருடப் பழக்கம் உள்ளவரிடம் முதலில் போனது நானும் அந்த அண்ணனும். தாளைப் பார்த்தார். "டாக்டர், நீங்கள் கேட்டிருந்தால் நானே குறைத்துக் கொடுத்திருப்பேனே" என்றார். இதை எல்லோரும் சொல்வார்கள், தயாராகப் போங்கள். பிறகு அவர் கேட்டது எண்ணிக்கையைப் பற்றி இல்லை. "இது ஒரு மாதக் கதையா, வருடம் முழுக்கவா?" ஒரு வருடம் என்று எழுத்தில் கொடுத்தோம். "ஏழு பேரில் பாக்கி வைப்பவர் யார்?" யாருமில்லை, 21 நாளில் எல்லோரும் கட்டிவிடுவோம் என்றோம். அவர் கால்குலேட்டரை எடுத்தது அப்போதுதான்.

சில பெருநிறுவனத் தடுப்பூசிகளில் ஸ்டாக்கிஸ்டுக்கே இடம் குறைவு. விலை ஒரு ரூபாய்கூட நகராது. அங்கே விலையோடு மல்லுக்கட்டாமல் வேறு கேளுங்கள். காலாவதிக்குக் குறைந்தது ஒன்பது மாதம் இருக்கும் சரக்குதான் வேண்டும் என்று கேளுங்கள். காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே தெரிவித்தால் மாற்றித் தர வேண்டும் என்று கேளுங்கள். தட்டுப்பாடு வந்தால் கூட்டுக்கு முதலில் என்று கேளுங்கள். ரேபிஸ் தடுப்பூசி தட்டுப்பாடாகும் வாரத்தில் அந்தக் கடைசி நிபந்தனை எந்தத் தள்ளுபடியையும்விடப் பெரிது.

நிறுவனத்தின் ரெப், அதாவது விற்பனைப் பிரதிநிதி மூலம் நேரடியாகவும் பேசலாம். மார்ச் மாதம் அதற்கு நல்ல காலம்; ஆண்டு இலக்கை முடிக்கும் அவசரம் அவர்களுக்கு இருக்கும். ஆனால் மார்ச் சலுகைக்காக ஆறு மாதச் சரக்கை இறக்கிவிடாதீர்கள், அந்த 116 ரூபாய்க் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

சலுகை எந்த உருவில் வருகிறது என்பதில் நான் கறாரானவள். பில்லிலேயே குறைந்த விலை மிகச் சிறந்தது. அடுத்தது காலாண்டு முடிவில், நம் கணக்கில் வரவு வைக்கும் கிரெடிட் நோட். சுற்றுலாவும் தங்க நாணயமும் கைப்பேசியும் வேண்டவே வேண்டாம். 2022 ஜூலை 1 முதல், தொழில் சார்ந்து ஒருவருக்குக் கிடைக்கும் இத்தகைய பலன் வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் கொடுப்பவர் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். அது நம் வருமானக் கணக்கிலும் ஏறும். வரியை விடுங்கள், பாங்காக் போய்வந்தவர் அடுத்த மாதப் பட்டியலில் எந்த நிறுவனத்தை எழுதுவார் என்று மற்ற ஆறு பேரும் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

குளிர்ப்பெட்டி வந்து சேரும்போது

தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெப்பத்துக்கு மட்டும் பயந்து, உறைவதை மறந்துவிடுகிறோம். கூட்டுத் தடுப்பூசியின் உலர்ந்த உயிர்ப் பகுதிக்கு வெப்பம் எதிரி. ரேபிஸ் போன்ற செயலிழக்கச் செய்த தடுப்பூசிக்கு உறைதல் எதிரி. ஐஸ் கட்டி குப்பியில் நேராக ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் கெட்டதுதான்.

கூட்டு தொடங்கிய நான்காவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஏழு கிளினிக்குக்கும் சேர்த்து வந்த வண்டி மழையில் சிக்கிக்கொண்டது. கடைசியாக எங்கள் வாசலுக்கு வந்தபோது மணி எட்டேகால். தெர்மாகோல் பெட்டியைத் திறந்து விரலை விட்டேன். ஜெல் பைகள் வெதுவெதுப்பாக, பால் பாக்கெட் போலத் தொளதொளவென்று கிடந்தன. திருப்பி அனுப்பினேன். ஆனால் அன்றே முன்னால் இருவர் பெட்டியைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார்கள். அந்தக் குப்பிகளைப் பயன்படுத்த முடியவில்லை, பணமும் திரும்பவில்லை. கையெழுத்து இருக்கிறதே.

அதற்குப் பிறகு நிபந்தனையை எழுதிவிட்டோம். பெட்டிக்குள் வெப்பமானி இருக்க வேண்டும். வாசலிலேயே திறந்து, அளவைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகே கையெழுத்து. 8க்கு மேலோ 2க்குக் கீழோ இருந்தால் பெட்டி அப்படியே திரும்பும். தடுப்பூசி வண்டி காலை பதினோரு மணிக்குள் சுற்றை முடித்துவிட வேண்டும். கையெழுத்துப் போடப்போவது பெரும்பாலும் வரவேற்பு மேசைப் பெண்தான், ஆகவே இந்த விதியை மருத்துவரைவிட அவருக்குத்தான் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். மின்வெட்டுக்கு ஃபிரிட்ஜை இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறீர்களா என்பதையும் அதே சூட்டில் பார்த்துவிடுங்கள்.

இலவச இயந்திரம்

ரத்தப் பரிசோதனைக் கருவியை இலவசமாகவே வைத்துவிட்டுப் போகிறோம், மாதம் இத்தனை கிட் வாங்கினால் போதும் என்று வருவார்கள். தனி ஆளாக இதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கூட்டில் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். குறைந்தபட்சக் கொள்முதல் எவ்வளவு, நோயாளிகள் குறைந்த மாதத்தில் மிச்சத்துக்கும் பணமா, கிட் விலை வருடத்துக்கு எவ்வளவு ஏறலாம், பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார், நடுவில் விலகினால் என்ன தண்டம் ஆகியவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். இரண்டு கிளினிக் சேர்ந்து, ஒருவர் கருவியை வைத்து மற்றவர் மாதிரியை அனுப்புவது பல இடங்களில் போதுமானது. எங்களில் இருவர் அப்படித்தான் செய்கிறார்கள்.

கணக்குப் பார்ப்பதும் விலகுவதும்

எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். ஒரு கிளினிக் மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு வாங்குகிறது, அதில் 90,000 பொதுப் பட்டியலில் வருகிறது, சராசரி 8 சதவீதம் குறைகிறது என்று வையுங்கள். மாதம் 7,200, வருடத்துக்கு 86,400. யாரையும் பணக்காரராக்காத தொகை. ஆனால் வாடகை உயர்வை நாய்க்காரர் தலையில் ஏற்றாமல் ஒரு வருடம் தள்ளிப்போட அது போதும். மிச்சத்தை என்ன செய்வது என்பது அவரவர் விருப்பம். நான் தெருநாய்க்குக் கருத்தடைக்கு வருபவர்களிடம் தையல் நூல் விலையையும் கையுறை விலையையும் வாங்குவதை நிறுத்தினேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலில் ஐந்து பொருளை எடுத்து வெளிச்சந்தை விலையோடு ஒப்பிடுங்கள். எல்லாவற்றையும் பார்க்க உட்கார்ந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். பேசிய விலைக்கும் பில்லில் வந்த விலைக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று உங்கள் கணக்காளரை மாதமாதம் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு இரண்டு தடவை பழைய விலையே அச்சாகி வந்தது, சொன்னதும் திருத்தினார்கள்.

விலக விரும்புபவருக்கு ஒரு மாத அறிவிப்பு, வேறு நிபந்தனை எதுவும் இல்லை. பட்டியலையும் ஒப்பீட்டுத் தாள்களையும் அவர் எடுத்துக்கொண்டு போகலாம். நுழையும் கதவைவிட வெளியேறும் கதவு அகலமாக இருந்தால்தான் உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

மாத ஒழுங்கு இப்படி நடக்கிறது. மாதத்தின் கடைசித் திங்கள் அவரவர் அலமாரியை எண்ணிப் பகிர்ந்த தாளில் தேவையை நிரப்ப வேண்டும். செவ்வாய் மாலை ஆறு மணிக்குத் தாள் பூட்டப்படும். புதன் காலை ஒவ்வொருவரும் தம் பெயரில் ஆர்டரை அனுப்புவார்கள், வெள்ளிக்குள் சரக்கு வரும். ஆறேகாலுக்கு ஃபோன் செய்து 'கையுறை இரண்டு பெட்டி மட்டும்' என்று கெஞ்சுபவருக்கு, பூட்டியது பூட்டியதுதான். போன மாதம் அப்படிக் கெஞ்சியது நான். பிரேசர் டவுன் மருந்துக் கடையில் எம்.ஆர்.பி. கொடுத்து வாங்கிக்கொண்டேன்.